பாலைச் சோதித்த தாய்மார்கள்



மே மாதம் இரண்டாவது ஞாயிறு என்றால் அன்னையர் தினம். கடையில் தள்ளுபடி, கைப்பேசியில் வாழ்த்துப் படம், பள்ளியில் அம்மாவைப் பற்றிப் பேச்சுப் போட்டி. இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் முதலில் பூக்கடை வராது. ஒரு பால் பாத்திரமும் ஒரு சாக்கடையும்தான் வரும்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைப்பகுதி. இன்று மேற்கு வர்ஜீனியா என்று பெயர். அன்று வர்ஜீனியாவோடு சேர்ந்திருந்தது. அங்கே ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்று ஒரு பெண். கணவர் வியாபாரி. பத்துக்கும் மேல் பிள்ளைகள் பெற்றார். ஆளாகி நின்றவர்கள் நான்கு பேர்தான். தட்டம்மை, டைஃபாய்டு, தொண்டை அடைப்பான் என்று வந்த நோயெல்லாம் அந்த மலையூர்களில் குழந்தைகளைத்தான் முதலில் கொண்டுபோயின. நோய்க்குக் கிருமிதான் காரணம் என்பதை மருத்துவ உலகமே இன்னும் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

ஆனுடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் மருத்துவர், ஜேம்ஸ் ரீவ்ஸ். டைஃபாய்டு சிகிச்சையில் பேர்பெற்றவர். அவர் துணையோடு 1858-ல் சுற்றுவட்டார ஊர்ப் பெண்களைத் திரட்டி மன்றங்கள் அமைத்தார் ஆன். தாய்மார் பணிநாள் மன்றங்கள் என்று பெயர். கிராஃப்டன், புரன்டிடவுன், ஃபிலிப்பி, ஃபெட்டர்மன், வெப்ஸ்டர் என்று ஐந்து ஊர்களில் நடந்தன. அங்கே என்ன செய்தார்கள்? விற்பனைக்கு வரும் பாலைச் சோதித்தார்கள். கழிவுநீர் எங்கே போகிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். பணம் திரட்டி மருந்து வாங்கினார்கள். காசநோயில் தாய் படுத்துவிட்ட வீடுகளுக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அமர்த்தி, சமையலும் பிள்ளைகளும் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்று நகராட்சி சுகாதாரத் துறை செய்கிற வேலை இது. அதைச் செய்தவர்களுக்கு அன்று ஓட்டுரிமை கூட இல்லை.

மூன்றே வருடத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. கிராஃப்டன் ரயில் சந்திப்பு ஊர் என்பதால் இரு படைகளுக்கும் அது வேண்டியிருந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் வடக்குப் படையில், அடுத்த வீட்டுப் பையன் தெற்குப் படையில். எங்கள் மன்றங்கள் எந்தப் பக்கமும் சாயாது என்று ஆன் அறிவித்துவிட்டார். முகாம்களில் காய்ச்சல் பரவியபோது மன்றத்துப் பெண்கள் இரு தரப்பு வீரர்களுக்கும் பணிவிடை செய்தார்கள்.

போர் முடிந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் துப்பாக்கியோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஒரே சந்தை, ஒரே தேவாலயம். 1868-ல் புரன்டிடவுன் நீதிமன்றத்துக்கு இரு தரப்பு வீரர்களையும் குடும்பத்தோடு வரச்சொன்னார் ஆன். தாய்மார் நட்பு நாள் என்று அதற்குப் பெயர் வைத்தார். ரத்தக்களறி ஆகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1870-ல், பாஸ்டனில் ஜூலியா வார்ட் ஹவ் என்ற கவிஞர் உலகத்துப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நாங்கள் வளர்த்த பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் எல்லா நாட்டிலும் கூடிச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். போரின்போது வடக்குப் படைகள் பாடிய புகழ்பெற்ற பாடலை எழுதியவரும் இவரேதான். ஜூன் 2-ம் தேதியைத் தாய்மார்களின் சமாதான நாளாக்க முயன்றார். சில வருடங்கள் சில ஊர்களில் நடந்து, பிறகு நின்றுபோனது.

ஆன் ஜார்விஸ் 1905 மே 9-ம் தேதி காலமானார். இப்போது அவர் மகள் அன்னா வருகிறார். ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, திருமணம் செய்துகொள்ளாதவர். தாய்மார்களுக்கு என்று ஒரு நாள் வேண்டும் என ஞாயிறு வகுப்பில் அம்மா வேண்டிக்கொண்டதைச் சிறு வயதில் கேட்டிருந்ததாகச் சொன்னார். 1908 மே 10, கிராஃப்டனில் அம்மா பாடம் நடத்திய அதே தேவாலயத்தில் முதல் அன்னையர் தின வழிபாடு நடந்தது. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை கார்னேஷன் பூ ஐந்நூறு அனுப்பிவைத்தார் அன்னா. அன்றே ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரு கூட்டம். நடந்த இடம், வானமேக்கர் என்ற பெரு வணிகரின் பல்பொருள் அங்காடி அரங்கம்! பின்னால் நடக்கப்போவதற்கு அந்த இடமே கட்டியம் கூறியிருக்க வேண்டும்.

அன்னா அசராத ஆள். ஆளுநர்களுக்கும் பாதிரியார்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் கடிதமாக எழுதினார். 1914-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட, அதிபர் உட்ரோ வில்சன் அறிவித்தார்: மே மாதம் இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் வேடிக்கைக் கதை போலச் சொல்வார்கள். பூ விலை ஏறியது. உயிரோடிருக்கும் தாய்க்குச் சிவப்பு, மறைந்த தாய்க்கு வெள்ளை என்று வியாபாரிகள் புது வழக்கம் பரப்பினார்கள். அட்டை, மிட்டாய், விருந்து எல்லாம் சேர்ந்துகொண்டன. அன்னா கொதித்துப்போனார். மிட்டாய் வியாபாரிகளின் மாநாட்டுக்குள் புகுந்து சண்டை போட்டார். 1925-ல் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் கார்னேஷன் விற்று நிதி திரட்டியபோது அங்கேயும் போய் ரகளை செய்து கைதானார். வழக்குகளில் கைப்பணம் கரைந்தது. தான் கொண்டுவந்த நாளைத் தானே ஒழிக்கப் பாடுபட்டு, 1948-ல் பென்சில்வேனியாவில் ஒரு காப்பகத்தில் இறந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் எதிரியைத் தேடிய இடம் சரிதானா என்று ஒரு சந்தேகம் உண்டு. பூக்காரர்கள் வருவதற்கு முன்பே ஒன்று கைநழுவியிருந்தது. அம்மா தொடங்கியது தாய்மார்கள் கூடித் தெருவில் இறங்கி வேலை செய்யும் நாள். மகள் வாங்கித் தந்ததோ, பிள்ளைகள் அவரவர் வீட்டில் தத்தம் தாயை நினைக்கும் நாள். ஊர்த் தாய்மார்கள் என்பது போய் என் அம்மா என்று ஆனது. இது தவறு என்று சொல்லமாட்டேன். அம்மாவை இழந்த மகளுக்கு அது இயல்பு. ஆனால் வேலையை எடுத்துவிட்டுப் பாசத்தை மட்டும் வைத்தால் அதைப் பொட்டலம் கட்டி விற்பது எவருக்கும் சுலபம்.

வியாபாரிகளுக்கு மட்டுமல்ல, அரசுகளுக்கும் சுலபம். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் இளைஞர்களை இழந்த பிரான்ஸ், 1920-ல் நிறையப் பிள்ளை வளர்த்த தாய்க்குப் பதக்கம் கொடுத்தது: ஐந்துக்கு வெண்கலம், எட்டுக்கு வெள்ளி, பத்துக்குத் தங்கம். அதே வருடம் கருத்தடைப் பிரச்சாரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜெர்மனியில் இந்த நாளை 1923-ல் கொண்டுவந்தவர்கள் பூ வியாபாரிகள். 1938-ல் நாஜிகள் அதற்குமேல் ஒரு சிலுவைப் பதக்கம் சேர்த்தார்கள். அவர்களுடைய இனக் கணக்கில் தேறிய தாய்க்கு மட்டும். மெக்சிகோவில் 1922-ல் யுகடான் பகுதிப் பெண்ணியவாதிகள் கருத்தடை பற்றிய துண்டுப் பிரசுரத்தைப் பரப்ப, அதற்கு மறுப்பாகத்தான் எக்செல்சியோர் நாளிதழ் மே 10-ஐ அன்னையர் தினமாக்கியது.

தாயைப் போற்றும் வழக்கம் அதற்கெல்லாம் முந்தியது என்பீர்கள். உண்மைதான். நேபாளத்தில் மாதா தீர்த்த அமாவாசை, இங்கிலாந்தில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு என்று பழைய நாட்கள் இருக்கின்றன. அந்த ஞாயிறன்று வேலைக்காரச் சிறுமிகளுக்கு எசமான் வீட்டில் விடுப்பு கிடைக்கும். தாயைப் பார்க்க ஊருக்குப் போவார்கள். இவற்றையெல்லாம் ரோமாபுரித் தெய்வத் திருவிழாக்களோடு முடிச்சுப்போட்டு ஒரே வம்சாவளி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேலை போய்ப் பாசம் மட்டும் மிஞ்சிய இன்னோர் இடத்துக்கு, இந்தோனேசியாவுக்கு வருவோம். அங்கே அன்னையர் தினம் டிசம்பர் 22. டச்சு ஆட்சியில், 1928-ல் அதே நாளில் யோக்யகர்த்தா நகரில் முதல் இந்தோனேசியப் பெண்கள் மாநாடு கூடியது. பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு, குழந்தை மணம், மணவிலக்கில் பெண்ணுக்கு நேரும் அநீதி ஆகியவை அங்கே பேச்சுப்பொருள். அந்த நாளை நினைவுகூரத்தான் 1938 மாநாடு டிசம்பர் 22-ஐத் தேர்ந்தது. 1959-ல் அதிபர் சுகர்ணோ அதைத் தேசிய நாளாக்கினார். பிறகு சுகார்த்தோ ஆட்சி. நல்ல மனைவி, நல்ல தாய் என்பதே பெண்ணின் இலக்கணம் என்று அரசே பாடம் நடத்தியது. அரசு ஊழியரின் மனைவிமாருக்கு என்று தனி அமைப்பு. இன்று அந்த நாளில் அம்மாவுக்குச் சமையலிலிருந்து ஓய்வு, ஒரு பூங்கொத்து. கிராஃப்டனில் ஒரு குடும்பத்துக்குள் நடந்தது இங்கே ஒரு நாட்டுக்கே நடந்தது.

ஆனாலும் தாய் என்ற பெயரோடு தெருவுக்கு வருவது நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் 1984-ல், நூற்றுக்கணக்கில் இளைஞர்கள் கைதானபோது, அன்னையர் முன்னணி என்ற பெயரில் பெண்கள் திரண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்கு, ஊர்வலமாகப் போய் அதன் தலைவரான அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். ஆறு வருடம் கழித்து, தெற்கே மாத்தறையில், காணாமல் போன பிள்ளைகளுக்காகச் சிங்களத் தாய்மார்கள் அதே பெயரில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள்.

அர்ஜென்டினாவில் அன்னையர் தினம் அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. ஆனால் புவனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்துத் தாய்மார்களுக்கு ஒவ்வொரு வியாழனும் அந்த நாள்தான். ராணுவ ஆட்சி கடத்திக்கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 1977 ஏப்ரல் 30 முதல் அங்கே கூடி, பிறகு தலையில் வெள்ளைத் துணி கட்டிச் சுற்றிவந்தவர்கள். அவர்களில் சிலருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. பிடிபட்டபோது கர்ப்பமாயிருந்த மகள், மருமகள் பெற்ற குழந்தைகள் எங்கே? சிறையில் பிறந்த அந்தக் குழந்தைகளை வேறு வீடுகளுக்கு, பெரும்பாலும் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கு, கொடுத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தாலும் நம் வீட்டுப் பிள்ளை என்று நிரூபிப்பது எப்படி? பெற்றவர்கள் இருவரும் இல்லையே. இந்தப் பாட்டிமார்கள் வெளிநாடு போய் விஞ்ஞானிகளைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்: பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை உறுதிசெய்ய முடியுமா? மேரி கிளேர் கிங் போன்ற மரபியலாளர்கள் அதற்கு வழி கண்டார்கள். 1987-ல் அர்ஜென்டினா சட்டம் இயற்றித் தேசிய மரபணு வங்கி ஒன்றை அமைத்தது. வயதான பாட்டிகள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள், தாங்கள் போன பிறகும் தேடல் நடக்க வேண்டும் என்று. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் யார் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. இப்போது அவர்களுக்கு வயது நாற்பதுக்கு மேல். மற்றவர்களுக்கான தேடல் நடந்துகொண்டிருக்கிறது.