குவைத் நாட்டுக் கல்வியும் உத்தியோகமும்



பல தேசங்களின் கல்வி முறைகளை ஒப்புநோக்கி ஆராய்வதற்கென்று கூடியிருக்கும் இம்மகாநாட்டிற்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்கு அளித்த வரவேற்புக் கமிட்டியாருக்கு என் மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தலைமை உரை நிகழ்த்துவோர் எல்லா விஷயங்களையும் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் அமர்வது நம் சபைகளில் சகஜமாகிவிட்டது. நான் அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் அமைந்த குவைத் என்னும் ஒரு நாட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பொருட்செல்வம் கல்விக்கு எதைத் தர வல்லது, எதைத் தர வல்லதன்று என்பதைக் குறித்துச் சிறிது பேச விரும்புகிறேன்.

எண்ணெய் பெருகிய பின்னரே அந்நாட்டில் பள்ளிக்கூடம் தோன்றியிருக்கும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். சரித்திரமோ வேறு விதமாக இருக்கிறது. முத்துக் குளிப்பையும், பம்பாய்த் துறைமுகம் வரை சென்று வந்த மரக்கல வியாபாரத்தையும் நம்பி வாழ்ந்த அச்சிறு பட்டணத்து வர்த்தகர்கள், குர்ஆன் ஓதுதலோடு கணக்கும் கடிதப் போக்குவரத்தும் அறிந்த இளைஞர்கள் தங்களுக்கு வேண்டுமென்று உணர்ந்து, தாமே நிதி திரட்டி, ஆட்சியாளரான ஷேக் முபாரக்கின் பெயரால் முபாரக்கிய்யா என்னும் பள்ளியை 1911-இல் நிறுவினார்கள். 1921-இல் அஹ்மதிய்யா என்னும் மற்றொரு பள்ளி எழுந்தது. பிற்பாடு, ஜப்பானியரின் வளர்ப்பு முத்தினாலும் உலகெங்கும் பரவிய வியாபார மந்தத்தினாலும் முத்துத் தொழில் நசித்து, செல்வர்களே கைவறண்டு நின்ற 1936-ஆம் ஆண்டில், இறக்குமதிச் சரக்கின்மேல் நூற்றுக்கு அரை வீதம் கூடுதல் வரி செலுத்த வர்த்தகர்கள் இசைந்தனர். அவ்வருவாயைக்கொண்டு ஒரு கல்விச் சபை அமைந்தது; பலஸ்தீனத்திலிருந்து உபாத்தியாயர்கள் வரவழைக்கப்பட்டனர்; மறு ஆண்டே பெண்களுக்கும் பள்ளி திறக்கப்பட்டது. புர்கானில் எண்ணெய் கண்டது 1938-இல். முதற்கப்பல் எண்ணெயோடு புறப்பட்டது 1946-இல். ஆகவே, அந்நாட்டில் கல்வி வேட்கை செல்வத்திற்கு மூத்தது.

செல்வம் வந்தபின் அது ஆற்றிய பணியைக் குறைத்துக் கூறுவது நன்றியன்று. உணவு, உடை, புத்தகம் முதலியவற்றை மாணவர்க்கு இலவசமாகவே வழங்கினார்கள். எகிப்தியரும் பலஸ்தீனியருமான ஆசிரியர்கள் திரளாக வந்தனர். 1953-இல் ஷுவைக்கில் பெரியதோர் உயர்நிலைப் பள்ளி எழும்பிற்று. 1956-இல் மகளிர் கெய்ரோவுக்கு உயர்கல்வி பயிலச் சென்றனர். 1962-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 40-ஆம் ஷரத்து கல்வியைக் குவைத்தியரின் உரிமையாக்கியது. 1965-இல் கட்டாயக் கல்விச் சட்டமும், 1966-இல் குவைத் சர்வகலாசாலையும் தோன்றின. பெண்கள் 2005-இல் வாக்குரிமை பெற்று, 2009-இல் நால்வர் முதன்முறையாகச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, அந்நால்வரும் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் பெற்றவர்களாயிருந்தனர் என்பது, பெண்கல்வியில் இட்ட முதலீடு வீண்போகவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

ஆயினும், அச்சாசனத்தில் 40-ஆம் ஷரத்தை அடுத்தே 41-ஆம் ஷரத்து நிற்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொழில் செய்வது குவைத்தியர் ஒவ்வொருவரின் உரிமையென்றும், அது கிடைக்கச் செய்ய ராஜ்யம் முயல வேண்டுமென்றும் அது விதிக்கிறது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட அவ்விதி, எண்ணெய் வருமானத்தின் துணையால், பட்டம் பெற்றவர்க்கெல்லாம் சர்க்கார் உத்தியோகம் என்னும் நடைமுறையாய் முடிந்தது. உத்தியோகம் நிச்சயமாயிருக்கையில், பட்டம் வேண்டப்படும். பட்டத்திற்குரிய ஞானம் வேண்டப்படுமோ என்பது ஐயமே. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பல தேசத்துச் சிறுவர்களை ஒப்பிட்டு அளக்கும் சர்வதேசப் பரீட்சைகளில், 500 என்னும் நடு அளவிற்கு மிகவும் கீழே குவைத் மாணவர் நின்றுவருவதும், பள்ளி இலவசமாயிருக்கப் பெற்றோர் தனிப்போதனைக்குப் பணம் செலவிடுவதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கன. முபாரக்கிய்யாவில் பயின்ற சிறுவன் கணக்கைப் பிழையாகப் போட்டால் கணக்குப்பிள்ளை வேலை அவனுக்குக் கிட்டாது; அந்தக் கண்டிப்பை எந்த நிதி மந்திரியும் விலைக்கு வாங்கித் தர இயலாது.

இன்னொரு குறையும் உண்டு. நாட்டு ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அயல்நாட்டார். 1936 முதல் அந்நாட்டுக்கு எழுத்தறிவித்த பலஸ்தீன சமூகத்தின் பெரும்பகுதி, 1990-இல் நிகழ்ந்த ஈராக்கியப் படையெடுப்பிற்குப் பின் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளரின் குழந்தைகள் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிகளில் இந்தியப் பாடத்திட்டத்தையே படிக்கிறார்கள். பிதூன் எனப்படும் நாடற்ற மக்களின் குழந்தைகளுக்கோ, தலைமுறைகளாய் அங்கேயே வாழ்ந்தும், அரசாங்கப் பள்ளியின் வாயில் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. ஒரே தெருவில் வளரும் குழந்தைகள் வெவ்வேறு உலகங்களுக்குரிய பாடங்களைக் கற்பது, கல்வி சமூகத்தை இணைக்கும் என்ற நம் கொள்கைக்கு முரணானது.

ஆதலால், இம்மகாநாட்டில் கட்டுரை வாசிக்கப்போகும் அறிஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: ஒரு ராஜ்யம் கல்விக்குச் செலவிடும் தொகையை மாத்திரம் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கற்றவனிடம் அந்நாடு என்ன வேலையை எதிர்பார்க்கிறது, தன் எல்லைக்குள் வாழும் எந்தக் குழந்தையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு தேசத்தைப் பற்றியும் கேளுங்கள். செல்வம் பள்ளியைக் கட்டித்தரும். கல்வியை வேண்டுவது சமூகத்தின் கடன். அவ்வாராய்ச்சி நடுநிலையோடு நடைபெறுமென்ற நம்பிக்கையுடன் இம்மகாநாட்டை மகிழ்ச்சியோடு தொடங்கிவைக்கிறேன்.