கிராமத்துப் பந்தாட்டக் கழகங்களும் உலக யுத்தமும்

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி சனிக்கிழமை. ஜேர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்து ஒரு நாள் கழிந்திருந்தது. ஆயினும் இங்கிலாந்தின் நகரங்களில் உதைபந்தாட்ட லீக் போட்டிகள் அன்றும் நடைபெற்றன. மறுநாட் காலை பதினொன்றேகால் மணிக்குப் பிரதமர் சேம்பர்லின் வானொலியிற் பேசினார். நாடு யுத்தத்தில் இறங்கிவிட்டதென அறிவித்தார். மக்கள் பெருந்திரளாகக் கூடும் விளையாட்டுக்கள் உடனே தடைசெய்யப்பட்டன. மூன்று ஆட்டங்களோடு அவ்வாண்டு லீக் முற்றுப்பெற்றது. அது முழுமையாக மீண்டும் தொடங்கியது 1946 இலேதான்.

பெரிய கழகங்கள் அந்த ஏழாண்டுகளை எவ்வாறு கழித்தன என்பதனை விளையாட்டு வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. ஆனால் அந்நாட்டில் உதைபந்தாட்டம் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, ஒரு மதுச்சாலை, நானூறு ஐந்நூறு குடிகள் என்ற அளவிலுள்ள சிற்றூர்களிலும் ஒரு கழகம் உண்டு. சம்பளம் பெறும் ஆட்டக்காரர் அங்கே இல்லை. வார நாளில் ஏர் பிடித்தவனும், மாடு கறந்தவனும், இரும்பு அடித்தவனும் சனிக்கிழமை மாலை அவ்வூரின் சட்டையை அணிந்து ஆடுவர். யுத்தம் வந்தபோது இத்தகைய கழகங்கள் பல மூடப்பட்டன. மூடாமற் காத்துக்கொண்டவையும் இருந்தன.

காத்துக்கொள்ளவேண்டுமா என்ற கேள்வியே முதலில் எழுந்தது. உடன்பிறந்தவன் போர்முனையில் நிற்க, ஊரில் இருப்பவன் பந்தை உதைப்பது முறையா? முதலாம் உலக யுத்தத்தின்போது இக்கேள்வி மிகக் கடுமையாகவே கேட்கப்பட்டது. 1914 ஓகஸ்டிற் போர் மூண்ட பின்னும் பெரிய கழகங்கள் 1915 ஏப்ரில் வரை விடாது ஆடியமை நாட்டுப்பற்றின்மை என்று தூற்றப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளின்பின் அரசாங்கத்தின் எண்ணம் மாறியிருந்தது. தொழிற்சாலையிலும் வயலிலும் இரட்டிப்பு வேலை செய்யும் மக்களுக்கு வாரத்தில் ஓரிரு மணிநேரம் மனமாறுதல் வேண்டும் என்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். சில கிழமைகளுக்குள்ளேயே நட்புமுறை ஆட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வெளியேற்றிய பகுதிகளில் ஓர் ஆட்டத்தை 8,000 பேருக்கு மேல் பார்க்கலாகாது என்று கட்டளையும் பிறந்தது. ஊர் முழுவதும் திரண்டாலும் ஐந்நூறு தலை தேறாத கிராமத்துக் கழகத்தை இக்கட்டளை வாட்டவில்லை. அதனை வாட்டியவை வேறு.

முதலாவது, நிலம். இங்கிலாந்து தன் உணவிற் பெரும்பகுதியைக் கப்பல்களிற் தருவித்து உண்ட நாடு. கடலில் நீர்மூழ்கிகள் உலாவத் தொடங்கியதும் புல் முளைத்த ஒவ்வோர் ஏக்கரும் கணக்கெடுக்கப்பட்டது. பழைய புல்நிலத்தை உழுவோர்க்கு ஏக்கருக்கு 2 பவுண் உதவிப்பணம் வழங்கப்பட்டது. மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட யுத்தகால விவசாயக் குழுக்கள் எந்நிலத்தையும் உழுமாறு கட்டளையிடும் அதிகாரம் பெற்றிருந்தன. இரண்டு ஏக்கர் அளவுள்ள ஒரு பந்தாட்டத் திடலிற் கோதுமையோ உருளைக்கிழங்கோ விளைவது, பசித்த நாட்டுக்குச் சிறிய காரியமன்று. ஆதலால் திடலை இழந்த கழகத்தவர் முறையிடவும் வாயற்றவராயினர். உழவன் ஒருவன் மனமிரங்கித் தன் மேய்ச்சல் நிலத்தின் மூலையைக் கொடுத்தால், ஆட்டுக்கு முன் சாணத்தை அள்ளிக் கொட்டிவிட்டுக் கம்பம் நாட்டினர்.

திடல் தப்பிய ஊர்களிலும் தொல்லை தீரவில்லை. 1940 கோடையிற் பிரான்ஸ் வீழ்ந்த பின், பகைவனின் கிளைடர் விமானங்கள் வந்து இறங்கலாம் என்று அஞ்சித் திறந்த வெளிகளிற் கம்பங்களை நட்டனர், அகழிகளை வெட்டினர், பழைய வண்டிகளை இழுத்துவந்து நிறுத்தினர். மேடு பள்ளம் இல்லாத பந்தாட்டத் திடலைப் போல விமானம் இறங்க வாய்த்த இடம் ஊரில் வேறெது?

இங்கே ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. உழுதவர்களிற் பலர் பெண்கள். பெண்கள் நிலப்படை என்ற அமைப்பில் 1943 அளவில் 80,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். உழவு இயந்திரத்தை ஓட்டித் திடலைப் புரட்ட அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் அதே திடலிற் பந்தாட உரிமை இல்லை. தன்னோடு இணைந்த கழகங்களின் மைதானங்களிற் பெண்கள் ஆடலாகாதென்று இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1921 டிசெம்பரில் விதித்த தடை, யுத்தத்தினாலும் நீங்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்தது. ஆட்டக்காரரின் சேறு படிந்த சட்டைகளைத் துவைத்தவர்களும், இடைவேளைக்குத் தேநீர் வைத்தவர்களும், நடன விழா நடத்திக் கழகத்துக்குப் பணம் சேர்த்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுக்கு அக்கழகங்கள் பட்ட கடன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

இரண்டாவது, ஆள். யுத்தம் தொடங்கிய அன்றே 18 முதல் 41 வயது வரையுள்ள ஆண்கள் சேவைக்கு அழைக்கப்படலாம் என்ற சட்டம் நிறைவேறியது. பதினொருவர் கொண்ட அணியில் அந்த வயதெல்லைக்குள் அடங்காதவர் யார்? உணவு உற்பத்தி இன்றியமையாதது என்பதனாற் பண்ணைத் தொழிலாளரிற் குறித்த வயதினர் ஊரிலேயே விடப்பட்டமை கிராமங்களுக்கு ஒரு சிறு வாய்ப்பு. அவர்களுக்கும் மாடு கறக்கும் நேரம் தவறக்கூடாது. ஆட்டம் முடியுமுன் தொழுவத்துக்கு ஓடுவோரும் உண்டு. 1940 மே 14 ஆம் திகதி அமைச்சர் ஈடன் வானொலி மூலம் விடுத்த அழைப்பை ஏற்று ஊர்காவற் படையிற் சேர்ந்தவர்களுக்கு இரவிற் காவலும் ஓய்வு நாளிற் பயிற்சியும் இருந்தன. இவ்வளவும் போக மீந்த நேரத்தில், மீந்த ஆட்களைக் கொண்டு அணியை அமைக்கவேண்டும். மீசை அரும்பாத பதினைந்து வயதுப் பையனும், பத்தாண்டுகளுக்கு முன் ஆட்டத்தைக் கைவிட்ட நாற்பத்தைந்து வயதினரும் ஒரே வரிசையில் நின்றனர். நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். யுத்தம் மூண்ட முதற் சில நாட்களில் மாத்திரம் பதினைந்து இலட்சம் பேர் வரையில் நகரங்களை விட்டுப் பெயர்ந்தனர். இலண்டன், லிவர்ப்பூல் நகரங்களின் ஒடுங்கிய தெருக்களிற் சுவரிலே பந்தை மோதிப் பழகிய சிறுவர்க்குக் கிராமத்துச் சேற்றில் ஓடுவது புதிது. ஆனால் பந்தைக் காலோடு வைத்திருக்கும் வித்தையைக் கிராமத்துப் பையன்கள் அவர்களிடமே கற்றனர்.

மூன்றாவது, பந்து. இலங்கையிலுள்ள நேயர்களுக்கு இதிற் சிறப்பாக ஒரு தொடர்புண்டு. அக்காலத்துப் பந்து, தோலாற் தைத்த உறைக்குள் றப்பர்ப் பையை வைத்துக் காற்றடைத்து வாய் கட்டுவது. 1942 தொடக்கத்தில் மலாயாவும் யாவாவும் யப்பானியர் வசமாயின. நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் வழங்கும் தலையாய இடமாக இலங்கை எஞ்சியது. நாளைய நலத்தைக் கருதாமல், பட்டை தாங்குமளவுக்கு மேலாக மரங்களை வெட்டிப் பாலெடுக்க வேண்டியதாயிற்று. களுத்துறையிலும் கேகாலையிலும் மரங்கள் பட்ட பாடு அது. அவ்வாறு எடுத்த றப்பர் லொறிச் சில்லுகளுக்கும் விமானச் சில்லுகளுக்குமே போதாதபோது, கிராமத்துப் பந்தின் உட்பைக்கு எங்கிருந்து வரும்? ஒட்டின்மேல் ஒட்டுப் போட்ட பையையே திரும்பத் திரும்ப ஊதினர். நனைந்த தோல் கல்லைப்போற் கனத்தது. வலையும் அரிதாயிற்று, டோர்செட் மாவட்டத்தில் வலைமுடைதலுக்குப் பேர்போன பிரிட்போட் நகரம் அப்போது படைக் கருவிகளை மறைக்கும் வலைகளை முடைந்துகொண்டிருந்தது. 1941 யூன் முதலாந் திகதி உடுதுணிக்கும் பங்கீடு வந்தது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். ஒரு சோடி பாதணிக்கு மாத்திரம் 7 கூப்பன். கூப்பனின் அருமையை இலங்கையிலுள்ளோர்க்கு விளக்கவேண்டியதில்லை. மனைவியின் மேலங்கிக்குரிய கூப்பனைப் பந்தாட்டச் சப்பாத்துக்குக் கேட்க எத்தனை கணவருக்குத் துணிவு வந்திருக்கும்!

பயணம் இன்னொரு சோதனை. தனியார் மோட்டார் வண்டிகளுக்குரிய சாதாரணப் பெற்றோற் பங்கீடு 1942 யூலையில் அடியோடு நிறுத்தப்பட்டது. அடுத்த ஊருக்குச் சைக்கிளிற் போகலாம். ஆனால் பகைவனுக்கு வழிகாட்டலாகாதென்று 1940 இலேயே வீதிப் பெயர்ப் பலகைகள் யாவும் பிடுங்கப்பட்டுவிட்டன. வழி தவறிய அணி இருட்டும் வேளைக்கு வந்துசேர்ந்தால் ஆட்டமில்லை. இருட்டடிப்பில் ஒரு விளக்கும் எரியாது. ஒரு நன்மை மாத்திரம் எதிர்பாராமல் வாய்த்தது. எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு 1940 முதற் குளிர்காலத்திலும் மணிக்கூடுகள் ஒரு மணி முன்னதாகவே வைக்கப்பட்டன. அதனால், மார்கழி மாதத்தில் நான்கு மணிக்குச் சாயவேண்டிய பொழுது ஐந்து மணிவரை நின்றது.

காலநிலையும் அரச இரகசியமாயிருந்த காலம் அது. வானிலை அறிக்கை வானொலியிலோ பத்திரிகையிலோ வருவதில்லை. பகைவனின் விமானிக்கு அது பயன்படக்கூடும். 1940 ஆம் ஆண்டுப் புதுவருட நாளில் எடின்பரோவில் ஹிபேர்னியன் அணியும் ஹார்ட்ஸ் அணியும் மோதின. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத மூடுபனி. வர்ணனையாளருக்கோ பனி என்ற சொல்லை வாயெடுக்க அனுமதியில்லை. தூரத்திலுள்ள படைவீரர் கேட்டுக்கொண்டிருக்க, மைதானத்தில் நடப்பதைப் பெரும்பாலும் தம் கற்பனையிலிருந்தே அவர் வர்ணித்து முடித்தார். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் ஹார்ட்ஸ் வென்றது. வானொலிக் கலையின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். உண்மைக்கு எந்த இடம் என்பது வேறு கதை.

மாவட்ட லீக்குகள் பல நின்றுவிட்டமையால் எதிரணி கிடைப்பதும் அரிதாயிற்று. அயலிலே முகாமிட்ட படைப்பிரிவுகளே அக்குறையைத் தீர்த்தன. முகாம் அணியில் எவர் இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கடந்த ஆண்டு வரை பெரிய கழகத்திற் சம்பளத்துக்கு ஆடிய ஒருவர், படைச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்தில் இறங்கக்கூடும். அன்று கிராமத்துக் கோல் காப்பாளர் பந்தைப் பிடித்ததிலும் வலைக்குள்ளிருந்து எடுத்ததே அதிகமாயிருக்கும். அடுத்த கிழமை அந்தப் படைப்பிரிவு வேறிடம் போய்விடும். சென்றவர்களில் எவர் திரும்புவார் என்று கேட்பதை ஊரவர் தவிர்த்தனர்.

இத்தனைக்கும் நடுவிற் கழகம் என்பது எங்கே இருந்தது? திடலில் உருளைக்கிழங்கு, ஊர் மண்டபத்தில் இராணுவம், அணியிற் பாதிப் பேர் வட ஆபிரிக்காவிலும் பர்மாவிலும். பல ஊர்களிற் கழகம் என்று எஞ்சியது, காரியதரிசியின் வீட்டு அலுமாரியிலுள்ள கூட்டக் குறிப்பேடு ஒன்றும், பரணிற் கிடந்த கோற் கம்பங்களும், சில பவுண் மீதியும் மாத்திரமே. அக்காரியதரிசி பெரும்பாலும் வயதினாற் போருக்கு அழைக்கப்படாதவர், ஒருகாலத்தில் ஆடியவர். ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டத்தைக் கூட்டுவார். ஐந்து பேர் வருவர். படைக்குச் சென்றவர்களின் சந்தாவை அறவிடுவதில்லை, அவர்களின் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்குவதுமில்லை என்று தீர்மானிப்பர். போர்முனையிலிருப்போர்க்குச் சிறு பணக்கட்டளையும் கடிதமும் போகும். எந்த ஆட்டத்தில் யார் கோல் அடித்தார், யார் தவறவிட்டார் என்ற செய்தியைப் பாலைவனத்தில் ஒருவன் படித்து மடித்து வைத்துக்கொள்வான். முறையா, முறையில்லையா என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு அப்போர்வீரனிடமிருந்தே மறுமொழி வந்தது எனலாம். ஆட்டத்தை நிறுத்தும்படி அவன் எழுதவில்லை. அடுத்த ஆட்டம் எப்போதென்று கேட்டே எழுதினான்.

கழகத்தை மாத்திரமன்றி ஊரையே இழந்தோரும் உளர். 1943 டிசெம்பரிற் படைப்பயிற்சிக்கென்று வில்ட்ஷயரில் இம்பர், டோர்செட்டில் டைனம் ஆகிய கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு சென்றவர்கள் திரும்பவேயில்லை. இரு கிராமங்களும் இன்றுவரை இராணுவத்தின் வசமே உள்ளன. அயலூரில் ஒதுங்கி வாழ்ந்த குடிகளை எந்தக் குறிப்பேடும் ஒரு திடலிற் கூட்டியிருக்க முடியாது.

யுத்தம் ஓய்ந்தபின் வேறொரு சோதனை வந்தது. ஜேர்மன் கைதிகள் ஆயிரக்கணக்கானோர் பண்ணைகளில் வேலை செய்தனர். அவர்களோடு பழகுவதற்கிருந்த தடை 1946 டிசெம்பரிலே தளர்த்தப்பட்டது. லங்காஷயரில் ஒரு கைதிமுகாமின் அணி உள்ளூர் அணிகளோடு ஆடியது. அதன் கோல் காப்பாளர் பிரேமன் நகரத்தவரான பேர்ட் டிரவுட்மன், முன்னாட் பராசூட் படைவீரர். 1948 இல் நாடு திரும்ப மறுத்துச் சென் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறு கழகத்தில் ஆடினார். மறு ஆண்டு மான்செஸ்டர் சிற்றி அவரைச் சேர்த்தபோது, எதிர்த்துத் தெருவில் இறங்கியோர் 20,000 பேர் எனப்பட்டது. சிறு கழகம் ஓராண்டுக்கு முன்னரே அவரைத் தன் கம்பங்களுக்கிடையில் நிறுத்திவிட்டது.

1945 யூனிற் படைவீரர் விடுவிக்கப்படத் தொடங்கினர். உழுத திடலை மட்டப்படுத்திப் புல் வளர்த்தெடுக்க ஆண்டுகள் சென்றன. கூப்பன் 1949 மார்ச் வரை நீடித்தமையால் ஒரே அணியிற் பல நிறச் சட்டைகள் தோன்றின. ஊர்ச் சதுக்கத்து நினைவுக்கல்லில், 1914-18 என்ற வரிசையின்கீழ் இன்னொரு வரிசை வெட்டப்பட்டது. இடாப்பிலிருந்து சில பெயர்களை அப்போதுதான் நீக்கவேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்கள் தம் பழைய இடத்தைக் கேட்டனர். முன்வரிசையின் இடப்புறத்தில் ஆறாண்டுக்கு முன் ஆடியவர் முப்பதைத் தாண்டியிருந்தார். அவருடைய இடத்திலே, அவர் போகும்போது பந்து பொறுக்கிக் கொடுத்த சிறுவன் நின்றான். தெரிவுக்குழுவினர் தலையைச் சொறிந்தனர். ஆயினும் கட்டாயப் படைச்சேவை யுத்தத்தோடு ஒழியவில்லை. 1960 வரை இளைஞர்கள் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். சிறுவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியது, அழைப்புக் கடிதம் வந்தது, அவன் போனான். வயதானவர் தம் பழைய சப்பாத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு சனிக்கிழமை திடலுக்கு வந்தார்.