எல்லையோரத் தமிழும் டில்லி கணேஷும்



2024ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, நகைச்சுவை நடிகர் டில்லி கணேஷ் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. பாலக்காட்டுக் கல்பாத்தி அச்சமயம் விசுவநாத சுவாமி கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. நவம்பர் 13ஆம் நாள் நடக்கவிருந்த பாலக்காட்டுச் சட்டமன்ற இடைத்தேர்தலையே அத்தேரின் பொருட்டு 20ஆம் நாளுக்குத் தேர்தல் ஆணையம் ஒத்திவைத்திருந்தது. ஊர் முழுவதும் உறவினர் கூடும் அவ்வாரத்தில் இச்செய்தி வந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தம்மவர் ஒருவரை இழந்தாற்போல் வருந்தியதில் வியப்பில்லை.

ஆனால் கணேஷ் பாலக்காட்டவர் அல்லர். பொருநை பாயும் சீமையில், இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வல்லநாட்டில், 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பிறந்தவர். அவரை எல்லைக்கு இப்பால் வாழும் மக்கள் தம்மவராகக் கொண்டது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடினால் வெளிமாநிலத் தமிழராகிய நம் எல்லோருக்கும் பயன்படும் செய்தி ஒன்று கிடைக்கும்.

முதலில் அவர் பெயரையே நோக்குவோம். 1964 முதல் 1974 வரை அவர் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டில்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபையின் நாடகங்களில் நடித்தார். அன்றைய டில்லித் தமிழருக்கு நாடகம் வெறும் பொழுதுபோக்கு அன்று. நாள் முழுதும் அலுவலகத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உழன்றவர்கள், மாலையில் தாய்மொழியை வாய்விட்டுப் பேசிக் கேட்கும் இடம் அது. நம் வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் பணியாற்றிய பூர்ணம் விசுவநாதனும் அத்தலைநகர மேடையில் பழகியவரே. அங்கே பயின்ற கணேஷைப் பின்னர் 1977இல் வெளிவந்த ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் இயக்குநர் கே. பாலசந்தர் அறிமுகம் செய்தார். ‘டில்லி கணேஷ்’ என்ற பெயரையும் சூட்டினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பிழைப்புக்காகப் பட்டணம் சென்று படும் பாட்டைச் சொல்லும் கதை அது. புலம்பெயர்ந்து வாழ்ந்தவருக்குக் கிடைத்த முதற்படமும் புலம்பெயர்வைப் பற்றியதாகவே அமைந்தது.

பின்னர் அவர் நடித்தவை நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். 1979இல் வெளியான ‘பசி’ படத்தில் ரிக்‌ஷா இழுக்கும் ஏழைத் தந்தையாகத் தோன்றி, மாநில அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றார். 1985இல் ‘சிந்து பைரவி’யில் மதுவுக்கு அடிமையான மிருதங்கக் கலைஞர், 1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கொடியவர். பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றிலும் நடித்து, நாள்தோறும் வீட்டுக்கு வரும் பெரியவர் ஆனார்.

எல்லையோர மக்கள் அவரை மறவாமைக்குக் காரணம் 1990ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் கிரேசி மோகன். அவரும் 2019இல் மறைந்துவிட்டார். நான்கு வேடம் பூண்ட கமல்ஹாசன், ஒரு வேடத்தில் காமேசுவரன் என்னும் சமையற்காரர். அக்குழந்தையை எடுத்து வளர்த்த தந்தை பாலக்காட்டு மணி ஐயர். அவ்வேடத்தில் நம் கணேஷ். பாத்திரத்தின் பெயரைக் கேட்டதும், 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரை நினையாதார் இலர். அப்படம் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, திரையரங்கில் காணாத தலைமுறைக்கும் மனப்பாடம் ஆயிற்று.

கல்யாண விருந்தின் சாம்பாரில் மீன் விழும் கட்டத்தைத் தமிழர் எவரும் மறந்திலர். பிறருக்கு அது வேடிக்கை. சைவச் சமையலையே பிழைப்பாகவும் மானமாகவும் கொண்ட குடும்பத்துக்கோ அது பேரிடி. இப்படத்தில் கணேஷ் சிரிப்பைத் தேடிப் போவதில்லை. கண்ணை உருட்டுவதும் குரலை வளைப்பதும் இல்லை. தொழிலிலும் மகனிலும் கவலை மிகுந்த எளிய தந்தையாகவே அவர் பேசுகிறார். அவர் கவலை மெய்யாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. மலையாளச் சொல்லும் மலையாள இழுப்பும் கலந்த பாலக்காட்டுத் தமிழை, அதுவே உலகத்து இயல்பான பேச்சு என்பதுபோல் அவர் பேசினார்.

இதன் அருமையை உணர எல்லையோர வாழ்வை அறிந்திருத்தல் வேண்டும். பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் இவை யாவும் கேரளத்துக்குள் வந்தன. கல்பாத்தி அக்கிரகாரத்தில் ஒரு தமிழ். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வயல்வெளிகளில் கொங்கு மணம் வீசும் மற்றொரு தமிழ். மூணாற்றின் தேயிலைத் தோட்ட லயங்களில் கொழுந்து பறிப்போர் பேசும் வேறொரு தமிழ். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதம் எழுத உரிமை வழங்கியுள்ளது. ஆயினும் சட்டம் தரவியலாத மதிப்பு ஒன்று உண்டு. கோயம்புத்தூருக்குப் போனால், “நீங்கள் பேசுவது மலையாளம்” என்பர். திருச்சூருக்குப் போனால், “நீங்கள் பேசுவது தமிழ்” என்பர். இருபுறமும் அந்நியராக்கப்படுவோர், பிறர்முன் வாய்திறக்கவே கூசுவர். அத்தகைய பேச்சைத் திரையில் இகழ்ச்சியின்றிக் கேட்டபோது, அம்மக்கள் தாமும் சேர்ந்து சிரித்தனர்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பாலக்காட்டவர் என்றாலே சமையற்காரர் என்று காட்டும் வழக்கம் தமிழ்த் திரையில் நெடுநாள் நிலவியது. எலப்புள்ளியில் பிறந்த மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன், ஒரு தலைமுறைத் தமிழரின் செவியையே ஆண்டவர். அத்தகைய மண்ணை அடுக்களைக்குள் மட்டும் அடைப்பது நியாயமாகாது. இடுக்கித் தோட்டத் தொழிலாளர் தமிழுக்கோ இப்படி ஒரு நகைச்சுவைப் பாத்திரம்கூடப் பெரிதாக வாய்க்கவில்லை. ஒரு பேச்சு வழக்கு அரங்கில் ஏறாதவரை, அதைப் பேசுவோர் தாம் கணக்கில் இல்லை என்றே எண்ணுவர். கணேஷ் எழுத்தாளர் அல்லர். கிடைத்த பாத்திரத்தை நடித்தவர். அக்குறுகிய இடத்திலும் ஒரு சமையற்காரருக்குரிய மரியாதையை அவர் குறைத்ததில்லை என்பதே அவர் பெருமை.

இந்தப் பண்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? டில்லி வாழ்க்கை அதற்குத் துணை நின்றிருக்கும் என்றே நாம் கருதுகிறோம். தலைநகரில் நெல்லைக்காரரும் தஞ்சையாரும் பாலக்காட்டாரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர்; ஒரே சபையில் அமர்ந்தனர். அவரவர் பேச்சை மற்றவர் கேலி செய்ததும் உண்டு. ஆனால் கேலி செய்தவர்தாம் ஆபத்துக்கு ஓடிவந்தவரும். உறவுக்குள் பிறந்த கேலியில் நஞ்சு இராது.

நேயர்களே! பம்பாயிலோ கல்கத்தாவிலோ டில்லியிலோ வளரும் நம் குழந்தைகளும் இந்தி கலந்தோ வங்காளம் கலந்தோ ஒரு தமிழ் பேசுகின்றனர். ஊரிலிருந்து வரும் உறவினர் முன் அக்குழந்தை வாய்திறக்கும். பிழை கண்டு எல்லோரும் நகைப்பர். மறுமுறை அது ஆங்கிலத்தில் விடை சொல்லும். ஒரு வீட்டில் தமிழ் அற்றுப்போவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. திருத்தவேண்டிய சொல்லைப் பிறகு தனியே திருத்தலாம். முதலில் அக்குழந்தையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்போம். சிரிக்க நேர்ந்தால், அதுவும் நம்மோடு சேர்ந்து சிரிக்கும்படி சிரிப்போம்.

கணேஷின் உடலுக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினர். வல்லநாட்டில் பிறந்து, டில்லியைப் பெயரில் தாங்கி, பாலக்காட்டுப் பேச்சால் நெஞ்சில் நின்ற அக்கலைஞருக்கு எல்லையோரத் தமிழரும் வெளிமாநிலத் தமிழரும் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.