நூலகத்தில் நம் பணம்

(நெய்வேலித் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து, குளித்துவிட்டு நூலகம் போகிறோம். பாய்லரைப் பற்றித் தமிழில் புத்தகம் கேட்கிறோம். இல்லை என்கிறார்கள். நூலகரைக் கோபித்துப் பயனில்லை. பொது நூலகங்களுக்குப் பெரும்பாலான புத்தகங்களை வாங்குவது அவரல்ல. சென்னையில் தேர்வுக் குழு பட்டியல் போடுகிறது, கட்டு இங்கே வந்து இறங்குகிறது.

பணம் யாருடையது? அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் விடாமுயற்சியால் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று ரூபாய்க்கு 10 பைசா. வாடகைக்குக் குடியிருப்பவனும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுத்துவிடுகிறான். இது யாரும் போட்ட தருமமல்ல!

1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, பதிப்பாளர் தம் புத்தகத்தில் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு இலவசமாக அனுப்ப வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் கன்னிமாரா இருப்பது எழும்பூரில். மந்தாரக்குப்பத்துத் தொழிலாளி தினம் ரயிலேறிப் போவானா?

ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை எல்லாம் தெளிவாக எழுதி, பலர் கையெழுத்திட்டு நூலகரிடம் கொடுப்போம். நகலைக் கடலூருக்கு, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புவோம். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல புத்தகங்களையும் நன்கொடையாகத் தரலாம். (பழைய பஞ்சாங்கம் வேண்டாம்!) முதல் பட்டியலை, கூட்டம் கலைவதற்குள் இங்கேயே எழுதிவிடுவோம்.