விளக்கு அணையட்டும்

ஜனவரி மாதம் ஊட்டி, கேத்தி பக்கம் விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. கேரட் மூட்டை ஏற்றிய டீசல் பிக்கப் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டும். செல்ஃப் அடிக்கிறது. வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றின கதைதான். கல்லைக் காயவைக்கத்தான் ஹீட்டர் பிளக்.

அதனால் சாவியைப் பாதி திருப்பி நிறுத்துங்கள். பிளக் காயும்வரை சுருள் கம்பி படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அது அணையட்டும். அணைந்த பிறகே செல்ஃப். சில நொடிதான், அதற்குக்கூடப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை!

அப்படியும் எடுக்கவில்லையா? சைலன்சரைப் பாருங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக்கையும் ரிலேயையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை, முதலில் ஃபில்டர். செல்ஃபே இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி. அதன் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

டேங்குக்கு அடியில் காகிதம் கொளுத்திச் சூடு காட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.