12 வருஷம் குடியிருந்தா வாடகை வீடு நம்ம பேருக்கு வந்துடுமா?

(பகுதி தொழில்நுட்ப அணியின் ஞாயிறு பயிலரங்கில் நமது தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். நீளமான பதிவுதான். வாடகை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் முழுசா படிங்க.)



இன்னைக்கு ட்ரெண்டிங் பத்தியோ மீம்ஸ் பத்தியோ நான் பேசப் போறதில்லை. ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பத்திப் பேசப் போறேன். உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். "ஒரே வீட்டில் 12 ஆண்டுகள் வாடகைக்கு இருந்தால் அந்த வீடு உங்களுக்கே சொந்தம், சட்டம் சொல்கிறது!"ன்னு ஆரம்பிக்கும். இதை நம்பி சந்தோஷப்படுற வாடகைதாரரும் இருக்காங்க. இதுக்குப் பயந்து, நல்லா வாடகை கட்டுறவரைக்கூட 11 மாசத்துக்கு ஒருமுறை காலி பண்ணச் சொல்ற ஹவுஸ் ஓனரும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் சேதம் பண்ற ஒரு பொய் இது.

அந்த 12 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் இருந்து வந்தது. உரிமையாளரின் அனுமதியே இல்லாமல், அவருக்கு எதிராக, வெளிப்படையாக 12 வருஷம் ஒரு சொத்தை அனுபவிப்பவருக்கான விதி அது. எதிரிடை அனுபவம்னு சொல்வாங்க. வாடகைதாரர் நிலைமையே வேற. ஓனர் சம்மதத்தோட உள்ளே வந்தவர் அவர். மாசா மாசம் வாடகை கொடுக்கிறார்னா, "வீடு உங்களுதுதான்"னு மாசா மாசம் ஒத்துக்கிறார்னு அர்த்தம். 12 வருஷம் இல்லை, 40 வருஷம் வாடகை கட்டினாலும் அதனால் மட்டும் வீடு சொந்தமாகாது. வாடகை ரசீது வாடகைக்குத்தான் சாட்சி, உரிமைக்கு இல்லை.

அப்போ சட்டம் குடியிருப்பவருக்கு எப்பவுமே சொந்தமாக்கிக் கொடுத்ததில்லையா? கொடுத்திருக்கு தோழர்களே. நம்ம மண்ணிலேயே கொடுத்திருக்கு. அந்த வரலாறு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அந்தக் காலத்து மெட்ராஸில் ஏராளமானவர்கள் அடுத்தவர் நிலத்தை வாடகைக்கு எடுத்து, சொந்தக் காசில் வீடு கட்டிக் குடியிருந்தாங்க. அடிமனை ஒருத்தருது, கட்டடம் இன்னொருத்தருது. "நிலத்தைக் காலி பண்ணு"ன்னு மனைக்காரர் சொன்னா, கட்டின வீட்டைப் பேர்த்து எடுத்துட்டா போக முடியும்? அதுக்காக வந்ததுதான் 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதன் 9ஆவது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? காலி பண்ணச் சொல்லி வழக்கு வந்தா, சம்மன் கிடைத்த ஒரு மாசத்துக்குள் வீடு கட்டியவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். வீட்டை அனுபவிக்கத் தேவையான அளவு நிலத்தை, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அவருக்கே விற்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்த உரிமை இது!

அடுத்து 1971. கிராமத்தில் நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டு இருந்த விவசாயத் தொழிலாளர் நிலைமையை யோசிங்க. கூலி கூடக் கேட்டா வேலை போகும், வேலையோட சேர்த்து வீடும் போகும். அந்த ஆண்டு வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், அவர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது.

ஆனா இதை அரைகுறையாப் பரப்பாதீங்க. 1921 சட்டம் அடிமனையில் தன் காசில் கட்டடம் கட்டியவருக்கு, அதுவும் பழைய குத்தகைகளுக்கு. கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996இல் வந்த திருத்தத்தால் அதிலிருந்து விலக்கப்பட்டு விட்டன. கோயில் அடிமனையில் இருக்கிற வீட்டை ஒருத்தர் உங்களுக்கு விற்க வந்தா, கட்டடத்தைத்தான் விற்க முடியும், மனையை இல்லை. 1971 சட்டமும் அன்றைய தேதியில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கும் விவசாயிக்கும்தான். ஓனர் கட்டிய வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிற நம்மைப் போன்றவங்களுக்கு, "எனக்கே வித்துடு"ன்னு கேட்கும் சட்ட உரிமை கிடையாது. ஓனர் மனசு வெச்சா உண்டு.

அதனாலதான் சொல்றேன்: ஓனர் மனசு வெச்ச அன்னைக்கு, அந்த மனசைப் பேப்பருக்குக் கொண்டு வரணும். இன்னைக்கு நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்.

நம்ம உதவி மையத்துக்கு வர்ற கேள்விகளில் திரும்பத் திரும்ப வர்ற ஒண்ணு: "தம்பி, வீட்டுக்கார அம்மா வீட்டை எனக்கே தர்றேன்னு சொல்லிட்டாங்க, அட்வான்ஸ் கொடுத்துடவா?" கேட்கும்போதே சந்தோஷமா இருக்கும். உண்மையில் வாடகைதாரர் வாங்குறதில் நிறைய சாதகம் இருக்கு. எந்தச் சுவரில் ஓதம் ஏறும், மே மாசம் போர்ல தண்ணி வருமா, மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி, எல்லாம் தெரியும். ரெண்டு பக்கமும் புரோக்கர் கமிஷன் மிச்சம். பிள்ளைங்க ஸ்கூல் மாற வேண்டாம்.

ஆனா இந்தப் பழக்கமே ஒரு ஆபத்து. வெளியில் வீடு பார்க்கிறவர் பத்து வாட்டி வக்கீல்கிட்ட போவார். நாம, "பதினஞ்சு வருஷமா அந்த அம்மாவைத் தெரியுமே"ன்னு ஒரு வாட்டிகூட போக மாட்டோம். வீட்டைத் தெரியும், பத்திரத்தைத் தெரியாது. அங்கதான் வாழ்நாள் சேமிப்பு போகுது.

நான் படிச்சது இன்ஜினியரிங், சட்டம் இல்லை. அதனால ஒரு செக்லிஸ்ட் மாதிரிச் சொல்றேன். கடைசி முடிவை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும்.

1) உண்மையான ஓனர் யார்?

வாடகை வாங்குறவரெல்லாம் ஓனர் இல்லை. அய்யா பேரில் பத்திரம், அய்யா காலமாகிட்டார், அம்மா வாடகை வாங்குறாங்கன்னு வெச்சுக்கோங்க. உயில் இல்லைன்னா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தா அவருடைய தாயார், எல்லாருக்கும் சம பங்கு. கட்டிக் கொடுத்த மகளுக்கும் உண்டு, துபாயில் இருக்கிற மகனுக்கும் உண்டு. ஒருத்தர் கையெழுத்து விட்டுப் போனாலும் அந்தப் பங்கு உங்களுக்கு வராது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்க. மற்ற மதத்தவர் குடும்பம்னா வாரிசுக் கணக்கு வேற, வக்கீலைக் கேளுங்க. 18 வயசு நிரம்பாத வாரிசு இருந்தா நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம், அதையும் கேட்டுக்கோங்க.

2) பேப்பர் என்ன சொல்லுது?

மூலப்பத்திரம் ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினலைக் கண்ணால் பாருங்க. ஒரிஜினல் கையில் இல்லைன்னா எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் நீங்களே எடுக்கலாம். குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க. ஆனா வில்லங்கத்தில் பதிவான விஷயம்தான் வரும். பதிவு செய்யாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு எல்லாம் அதில் தெரியாமல் போகலாம். பட்டா யார் பேரில் இருக்கு, சர்வே எண்ணும் அளவும் பத்திரத்தோடு ஒத்துப் போகுதான்னு பாருங்க. அடுக்குமாடி வீடுன்னா நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, கட்டட அனுமதியில் உங்க மாடி இருக்கான்னு பாருங்க.

"ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவாகிட்டா கவர்ன்மெண்டே உத்தரவாதம்"னு நினைக்காதீங்க. பதிவு என்பது அந்தப் பத்திரம் எழுதப்பட்டதற்கான சாட்சி. விற்றவருக்கு உரிமை இருந்ததான்னு பார்க்க வேண்டியது நாமதான்.

3) கையில் எவ்வளவு வேணும்?

40 லட்சம் ரூபாய் வீடுன்னு வைப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆக 9%. அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம். (2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1% குறைவு.) ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வங்கி அதிகபட்சம் 80% தான் தரலாம். அப்போ கடன் 32 லட்சம். மீதி 8 லட்சமும் பதிவுச் செலவும் சேர்த்து 11 லட்சத்து 60 ஆயிரம் நம்ம கையில் இருந்து வரணும். 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 27,770 ரூபாய். இப்போ கட்டுற வாடகையை இதோடு பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வாங்கியே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லை. தாங்காதுன்னா தாங்காதுதான்.

"பத்திரத்தில் கம்மியாக் காட்டலாம், மீதியைக் கையில் கொடு"ன்னு ஓனர் சொன்னா ஒத்துக்காதீங்க. காட்டின விலைக்குத்தான் பேங்க் கடன் கொடுக்கும். நாளைக்குப் பிரச்சினைன்னா, கையில் கொடுத்த காசுக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா, 1% வருமான வரியைப் பிடித்துக் கட்டுறது வாங்குறவர் பொறுப்பு. ஓனர் வெளிநாட்டில் குடியிருந்தா அந்தக் கணக்கே வேற, ஆடிட்டரைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

4) அட்வான்ஸும் ஒப்பந்தமும்

இதுதான் உயிர்நாடி. அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே கிரய ஒப்பந்தம் எழுதணும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, ரெண்டு சாட்சி போட்டு பீரோவில் வைக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை. 2012இல் வந்த மாநிலத் திருத்தப்படி தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும். "நான்தான் ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருக்கேனே, யார் என்னை அசைக்க முடியும்?"னு வாடகைதாரர் நினைப்பார். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வெச்சு, "நான் வாங்குபவனாக இங்கே இருக்கிறேன்"னு உங்க இருப்பைச் சட்டப்படி காப்பாத்திக்க முடியாது.

காசு பேங்க் வழியா மட்டும். சொத்து விற்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ முன்பணத்தை ரொக்கமா வாங்கினா, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். இதை ஓனர்கிட்ட பக்குவமாச் சொல்லுங்க, அவரே செக் கேட்பார்.

ஒப்பந்தத்தில் மூணு வரி தவறாமல் இருக்கணும். ஒண்ணு, ஏற்கெனவே கொடுத்திருக்கும் வாடகை அட்வான்ஸ் விலையில் கழியுமா, தனியா திரும்ப வருமா? ரெண்டு, கிரயம் ஆகும் வரை வாடகை தொடருமா, நிற்குமா? இதை எழுதாம விட்டு, "நீ இப்போ வாடகைதாரரா, வாங்குறவரா?"ன்னு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. மூணு, எந்தத் தேதிக்குள் கிரயம்? தேதி தாண்டியும் ஓனர் இழுத்தடிச்சா, மூணு வருஷத்துக்குள் வழக்குப் போடணும். "நம்ம அம்மாதானே"ன்னு நாலு வருஷம் காத்திருந்தா, நியாயம் உங்க பக்கம் இருந்தும் கதவு மூடிடும்.

சரி, ஓனர் உங்களுக்கு விற்காம வேற ஒருத்தருக்கு வித்துட்டா? பயப்படாதீங்க. வீடு கை மாறினதால மட்டும் வாடகை ஒப்பந்தம் செத்துப் போகாது. புது ஓனர் பழைய ஓனர் இடத்துக்கு வர்றார், அவ்வளவுதான். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலி பண்ண வைக்க வாடகை நீதிமன்றம் வழியாத்தான் வரணும். தண்ணியை நிறுத்தி, கரண்டைக் கட் பண்ணி விரட்டக் கூடாது. ஆனா அந்தச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேட்குது. அதுவும் இல்லாம இருக்கிறவங்கதான் நம்ம பகுதியில் அதிகம்.

அதனால அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்க: "இந்த வீட்டை விற்பதாக இருந்தால், முதலில் குடியிருப்பவருக்கு எழுத்துமூலம் விலை சொல்ல வேண்டும்." ஓனருக்கு இதில் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை.

இதைச் சட்டமாகவே வெச்சிருக்கிற நாடு உண்டு. பிரான்ஸில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டை விற்பதற்காக வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸே அவருக்கான விற்பனை அழைப்பும் ஆகும். விலையும் நிபந்தனையும் அதிலேயே இருக்கணும். முதல் ரெண்டு மாசம் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு குடியிருப்பவருக்குத்தான். ஓனரின் விலையை யாரும் குறைக்கலை, விற்கும் உரிமையையும் பறிக்கலை. குடியிருக்கிறவரை முதலில் கேள், அவ்வளவுதான் சட்டம் சொல்லுது. அடிமனைக்காரர் உரிமையை நூறு வருஷம் முன்பே யோசித்த மண் இது. "முதலில் கேள்" என்ற ஒரு வரியை இங்கேயும் சட்டமாக்கச் சொல்லி நாம ஏன் பேசக் கூடாது? பேசுவோம் தோழர்களே.

சட்டம் வர்ற வரைக்கும் நம்ம அணி செய்ய வேண்டிய வேலை ரெண்டு. அந்த 12 வருஷ ஃபார்வர்டு எந்தக் குரூப்பில் வந்தாலும், சண்டை போடாம, கிண்டல் பண்ணாம, இந்தப் பதிவைக் கீழே போடுங்க. உங்க தெருவில் யாராவது குடியிருக்கிற வீட்டை வாங்கப் போறாங்கன்னு தெரிஞ்சா, எந்தக் கட்சின்னு பார்க்காம, வில்லங்கம் எடுத்துக் கொடுங்க. லேப்டாப் திறந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தா முடியிற வேலை. ஒரு குடும்பத்தோட இருபது வருஷ உழைப்பு அதில் தப்பிக்கும்.



(இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகும் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்கள்.)