மண்டியிட்டுக் கற்ற தொழில்

(முல்லைத்தீவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த நம் சனங்களுக்கும் இது சொந்த மண். போர் 2009இல் முடிந்தது, மிதிவெடி முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக் நிறுவனங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் வெயிலில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக வெடி அகற்றுகிறார்கள். கணவனை இழந்து குடும்பம் தாங்குகிறவர்கள் பலர்.

சமாதானப் பணி பட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இவர்கள் கற்றதும் சர்வதேசத் தரத்துத் தொழில்தான். கம்போடியாவிலும் உக்ரைனிலும் அதே தொழில் தேவைப்படுகிறது.

கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. நிலம் துப்புரவானதும் இங்கே வேலை நிற்கும். அன்று கையில் என்ன மிஞ்சும்?

தேர்ச்சிச் சான்றிதழ், வேலை நேரத்தில் ஆங்கில வகுப்பு, மேற்பார்வையாளர் பயிற்சி: இவற்றை இப்போதே கேட்போம். கொழுந்து பறிப்பவரைத் தேர்ச்சியற்றவர் என்று சொல்லித்தான் நம் சம்பளத்தைக் குறைத்தார்கள். அந்தப் பேச்சை இங்கேயும் விடமாட்டோம்.